உதட்டில் பதிந்த வட்டம்

உதட்டில் வட்டம் சிவந்து கிடக்கிறது, முந்தானை நுனியால் அழுத்தித் தேய்க்கிறேன், போகவில்லை, எச்சில் தொட்டுத் தேய்க்கிறேன், தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்க்கிறேன், கண்ணாடிக்குள் நிற்கிறவள் ஒரு நேரம் பள்ளிக்கூடப் பெண்ணாக இருக்கிறாள், ஒரு நேரம் நரை எட்டிப்பார்க்கிற பொம்பளையாக இருக்கிறாள், இரண்டு பேருக்கும் அதே தடித்த உதடு, அதே வட்டம், யூபோனியத்தின் ஊதுவாயை வைத்து அழுத்தி ஊதினால் விழுகிற வட்டம், பின்னால் நின்று அம்மா சொல்கிறாள், உதட்ட உள்ள இழுத்துக் கடிச்சுக்கோட்டி, போட்டோக்காரன் வந்துட்டான், மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்புத படம், நான் கடித்துக்கொள்கிறேன், படத்தில் வாயே இல்லாத ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பட்டுச் சேலை கட்டியிருக்கிறாள், கனகாம்பரம் வைத்திருக்கிறாள், வாய் மட்டும் ஒரு கோடு, அந்தப் படத்தை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது, யாருடைய வாயை யாருக்காகக் கடிப்பது, அந்த வாய்க்காகத்தானே எனக்குக் குழல் கிடைத்தது. கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்தில் பேண்டுக்குப் பெண்பிள்ளைகளை எடுக்கிற அன்று சிஸ்டர் எமெரன்சியா எங்களை வரிசையாக நிறுத்தி அடிஸ்கேலால் ஒவ்வொருத்தியின் மேலுதட்டையும் தூக்கிப் பார்க்கிறார், மாட்டுச் சந்தையில் பல் பார்க்கிற மாதிரி, மெல்லிசு உதட்டுக்காரிக்குக் கார்னெட், அதைவிடக் கொஞ்சம் சதை இருந்தால் டிராம்போன், பல் வரிசை சரியில்லாதவளுக்குக் கிளாரினெட், அதுவும் ஆகாதவளுக்கு டிரம், என் முன்னால் வந்ததும் ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறார், வந்துட்டா பாரு எனக்கு யூபோனியம், இத்தன நாளா எங்கட்டி ஒளிஞ்சு கெடந்த, என்கிறார், அதுவரைக்கும் என் உதட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆள் இந்த உலகத்தில் ஒருத்தர்கூட இல்லை.

யூபோனியம் என்றால் மடியில் பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டு ஊதுகிற பெரிய பித்தளைக் குழல், அதன் வாய் ஆளைப் பார்க்காது, வானத்தைப் பார்த்து விரிந்திருக்கும், முதல் நாள் அதில் நான் ஊதியபோது மாடு கத்துகிற சத்தம்தான் வந்தது, வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், ஆனால் இரண்டாவது மூச்சு அடிவயிற்றிலிருந்து கிளம்பி நெஞ்சுக்கூட்டைத் தடவிக்கொண்டு போனது, அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது, இது நான்தானா, இவ்வளவு பெரிய சத்தம் எனக்குள்ளேயா இருந்தது. கார்னெட் முன்னால் ஓடும், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், வீட்டுக்குப் போய் அதைத்தான் முணுமுணுப்பார்கள், கிளாரினெட் அதன் முரட்டு விளிம்பில் எண்ணெய் தடவும், டிராம்போன் இழுத்து இழுத்து இடைவெளியை அடைக்கும், இத்தனை பேரையும் ஒரே பாயில் உட்கார வைக்கிற வேலை யூபோனியத்துக்கு, பாயை யார் பார்க்கிறார்கள், உருவினால்தானே தெரியும். ஒரு பாட்டின் மெட்டை முதலிலிருந்து கடைசி வரைக்கும் நான் ஊதியதே கிடையாது, ஊதத் தெரியாமல் இல்லை, எனக்கு அது வேண்டாம், மேலே பறக்கிறதில் எனக்கு ஆசை இல்லை, கீழே இருந்து தூக்குகிறதில் ஒரு திமிர் இருக்கிறது, அது ஊதினவளுக்குத்தான் தெரியும்.

வாயில்லாத படத்தைப் பார்த்துத்தான் கஸ்பார் என்னைக் கட்டினார், கல்யாணத்தன்று பூசை முடிந்து நான் கடித்திருந்த உதட்டை விட்டேன், அவர் திரும்பிப் பார்க்கிறார், மலைத்துப்போய் நிற்கிறார், பிறகு காதுக்குள் சொல்கிறார், படத்த விட நேருல நல்லாத்தான் இருக்க, நான் அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய எத்தனையோ கிறுக்குத்தனங்களைப் பொறுத்திருக்கிறேன், அவர் எங்கள் கடற்கரைக் கோயில் பேண்டில் கார்னெட், பிற்பாடு அதற்கே மாஸ்டர், அந்தப் பேண்டில் எல்லோரும் ஆம்பிளைகள், வீட்டில் அவர் கார்னெட்டைத் துடைப்பேன், வால்வுக்கு எண்ணெய் போடுவேன், ஊத மட்டும் எனக்கு ஒன்றும் கிடையாது, அப்படித்தான் இருந்தேன், பெரிய விசைப்படகுக்காரர் ஒருத்தர் செத்துப்போன அன்று வரைக்கும். அதற்கு முந்தின நாள் பேண்டின் யூபோனியக்காரர் ததேயு மாமா நண்டுக்காலைக் கடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டார், முன்பல் இல்லாதவன் குழல் ஊத முடியாது, உதட்டுக்கு முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை, மூச்சு ஒழுகிப்போகும், சரி, ஒரு ஆள் இல்லாவிட்டால் என்ன, மெட்டுத்தான் இருக்கிறதே என்று மற்றவர்கள் சாவு வீட்டுக்கு வாசிக்கப் போய்விட்டார்கள், அந்தத் தப்பை எங்கள் பேண்டு தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கார்னெட்டும் கிளாரினெட்டும் சாவு மெட்டை எடுக்கின்றன, கீழே ஒன்றுமே இல்லை, சோகமான மெட்டு துள்ளுகிறது, ராட்டினத்தில் குதிரை போகிற மாதிரிக் கேட்கிறது, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளைப் பார்த்து இன்னொருத்திக்கு, செத்தவரின் மூத்த மகன் வெறிபிடித்து எழுந்து வருகிறார், எங்கப்பா பொணமாக் கெடக்காவ, நீங்க என்னல சர்க்கஸ் வாசிக்கிய, என்கிறார், கஸ்பாருக்கு முகம் செத்துப்போனது. நான் ஒப்பாரிக்காரிகள் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், ததேயு மாமா சும்மா இருக்க மாட்டாமல் குழலைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார், எழுந்து போனேன், யாரையும் கேட்கவில்லை, கேட்டால் இல்லை என்பார்கள், மாமா என்று கையை நீட்டினேன், எடுத்துக்கோ மவளே, எனக்கு இனிமே கஞ்சிதான், என்று கொடுத்துவிட்டார், ஊதுவாயை முந்தானையில் துடைத்தேன், ஊதினேன். ஒரே ஒரு நீளமான கீழ்ச்சுரம், அவ்வளவுதான், மேலே துள்ளிக்கொண்டிருந்த மெட்டு தன் கனத்தைக் கண்டுபிடித்து மெதுவாக இறங்கியது, கிளாரினெட் அழுதது, சிரித்த பெண்ணே அலறி அழுதாள், சாவு சாவானது. அதற்கப்புறம் யாரும் என்னை வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, நான் வந்தேன், வந்துகொண்டே இருந்தேன், சேலைக்கு மேல் சிவப்புக் கோட்டும் தலையில் தொப்பியுமாகக் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் திருவிழாவுக்கும், என் பிள்ளைகள் வயிற்றில் இருந்தபோது குழலை அவர்கள் மேலேயே வைத்து ஊதினேன், உள்ளேயிருந்து உதைப்பார்கள், தாளம் தப்பாமல்தான் உதைத்தார்கள்.

மாதா திருவிழாவின் கடைசி நாள் சப்பரம் கடற்கரைத் தெரு வழியாக வருகிறபோது பெண்கள் மாடியிலிருந்து உப்பும் மிளகும் பூவும் வீசுவார்கள், நேர்ச்சை, கார்னெட்டின் வாய் முன்னால் பார்க்கிறது, அதில் ஒன்றும் விழாது, வானத்தைப் பார்த்த என் குழலுக்குள்தான் எல்லாம் விழும், யாருடைய காய்ச்சலுக்கோ போட்ட உப்பு, யாருடைய மகன் கரைக்குத் திரும்பியதற்கோ போட்ட மிளகு, ஊதுகிறபோது உள்ளே சலசலக்கும், வீட்டுக்குப் போய் முறத்தில் கவிழ்த்துத் தட்டுவேன், அந்த மிளகில் ரசம் வைத்திருக்கிறேன், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, கஸ்பார் இரண்டு தரம் வாங்கிக் குடிப்பார். தூக்கத்தில் எனக்கு வருகிறதும் இதுதான், முறத்தில் குழலைக் கவிழ்க்கிறேன், உப்பு கொட்டுகிறது, நிற்கவில்லை, வீடு நிறைகிறது, தெரு நிறைகிறது, ததேயு மாமாவின் பல் விழுகிறது, அம்மாவின் கனகாம்பரம் விழுகிறது, கடைசியில் அந்தப் படத்துப் பெண் விழுகிறாள், வாயைத் தேடிக்கொண்டு உப்புக்குள் துழாவுகிறாள், நான் எழுந்து தண்ணீர் குடிப்பேன்.

போன வருஷம் திருவிழாவை நேரலையில் போட்டார்கள், கமிட்டிச் செயலாளர் பெர்க்மான்ஸின் ஏற்பாடு, வெளிநாட்டில் இருக்கிற நம்ம சனம் பார்க்க வேண்டாமா என்றார், நியாயம்தான், பார்த்தார்கள், சப்பரத்தைப் பார்த்தார்களோ இல்லையோ என் கன்னத்தைப் பார்த்தார்கள், இரண்டு கன்னமும் உப்பி உதடு பிதுங்கி நான் ஊதுகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து யாரோ சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள், கீழே எழுதியிருக்கிறார்கள், தவளைக்கு யார் கோட்டு மாட்டிவிட்டது, பலூனுக்குக் காற்று போதும்க்கா, அப்புறம் சிரிப்புப் பொம்மை, சிரிப்புப் பொம்மை, என் சின்ன மகள் சென்னையிலிருந்து போன் போட்டு அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை, என்னடா இது, ஊதினால் கன்னம் உப்பாமல் பின்னே மண்டையா உப்பும். இந்த வருஷம் கொடியேற்றம் முடிந்த மறுநாள் கஸ்பார் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து மீனைக் கிளறிக்கொண்டே இருக்கிறார், வாயில் வைக்கவில்லை, என்னங்க, உப்பு கம்மியா, என்கிறேன், இல்லட்டி, கமிட்டியில ஒரு ரோசன சொல்லுதாவ, குட்டியானை வண்டியில கீபோர்டும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் வைக்கப் போறாவளாம், பேஸ், கீழ்ச்சத்தம் எல்லாம் அதுலயே வந்துருமாம், என்கிறார், வரட்டும், என்கிறேன், அதான், அப்ப, யூபோனியம் இந்த வருசம் வேண்டாம்னு, என்று இழுக்கிறார், யூபோனியம் வேண்டாமா நான் வேண்டாமா, என்கிறேன், அவர் மீனைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குகிறார், ஏங்க, கார்னெட் சத்தமும்தான் அந்தப் பெட்டியில வரும், ஒங்கள வேண்டாம்னு சொன்னாவளா, என்கிறேன், வீடியோல பாக்க நல்லா இல்லைங்காவ, நான் என்ன செய்யட்டும், எல்லார் முன்னாலயும் பெர்க்மான்ஸ் சொல்லுதான், நான் தலய குனிஞ்சுட்டு இருந்தேன், என்றார். அந்தத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை, எழுதினவன் எவனோ, முகம் தெரியாதவன், போகிறான், இவர் என் பக்கத்தில் படுக்கிற மனுஷன், என் அடி இல்லாமல் இவர் மெட்டு ஒரு நாள் நின்றிருக்கிறதா, சாவு வீட்டில் சர்க்கஸ் வாசித்தது மறந்துபோய்விட்டதா, கேட்டேன், எல்லாவற்றையும் கேட்டேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கேட்டேன், அவர் சமாதானத்துக்கு வருகிறார், கோவிச்சுக்காத, திருவிழா பூசையில கோயிலுக்குள்ள ஒரு பாட்டு முழுசா நீயே ஊது, மெட்ட நீ எடு, நாங்க அடங்கி வாசிக்கோம், என்கிறார், எனக்கு எரிந்தது பாருங்கள், பிச்சை போடுகிற மாதிரி ஒரு மெட்டு, எனக்கு ஒங்க மெட்டு வேண்டாம், என் எடம் வேணும், சப்பரத்துக்கு முன்னால என் எடம், என்றேன், மீன் ஆறிப்போனது, இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

வெயில் சாய்கிற நேரம் சப்பரம் கிளம்புகிறது, முதலில் குட்டியானை, அதன் மேல் கீபோர்டுக்காரரும் ஆள் உயரப் பெட்டிகளும் பின்பக்கம் பார்த்த கேமராவும், அதன் பின்னால் சிவப்புக் கோட்டுகள், என் கோட்டு வீட்டில் ஆணியில் தொங்குகிறது, பிறகு கொடிகள், பூப்போடுகிற பிள்ளைகள், செபமாலை சொல்லுகிற பெண்கள் இரண்டு வரிசை, அப்புறம் மாதா, நான் செபமாலை வரிசையில் நிற்கிறேன், மாதாவுக்கு முன்னால்தான் நிற்கிறேன், குழலைப் பெட்ஷீட்டில் சுற்றி இடுப்பில் வைத்திருக்கிறேன், பார்க்கிறவர்கள் பிள்ளையைத் தூக்கி வருகிறாள் என்றுதான் நினைப்பார்கள், பக்கத்தில் என் கொழுந்தன் பெண்டாட்டி பிரகாசி, அவளுக்குத் தெரிந்துபோகிறது, மதினி, இது எந்தப் பிள்ள, என்கிறாள், மூத்தது, என்கிறேன், அவள் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டுத் தன் முக்காட்டை விரித்து என் பக்கமாகப் பிடித்துக்கொள்கிறாள். கடற்கரைத் தெருவுக்குள் திரும்புகிற வரைக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை, கர்த்தர் மேல் ஆணையாகச் செபம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், சப்பரம் சரியாகப் போயிருந்தால் செபமே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேனோ என்னவோ, மாட்டேன், எதற்குப் பொய், பெட்ஷீட்டை அவிழ்க்கத்தான் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு குறுகல், இரண்டு பக்கமும் மாடி வீடு, முன்னால் தூரத்தில் பெட்டி பூம் என்கிறது, அந்தப் பூம் சுவரில் மோதி இன்னொரு பூமாகத் திரும்பி வருகிறது, சப்பரம் தூக்குகிறவர்கள் மெட்டைக் கேட்டு நடக்கிறதில்லை, தோளில் கனம் இருக்கிறவனுக்கு மெட்டு எங்கே கேட்கும், கீழ்ச்சத்தம்தான் கேட்கும், அதற்குத்தான் கால் வைப்பான், இந்தப் பக்கத்துக்காரன் முதல் பூமுக்குக் கால் வைக்கிறான், அந்தப் பக்கத்துக்காரன் இரண்டாவது பூமுக்கு வைக்கிறான், சப்பரம் வலைக்குள் மாட்டின மீனாகத் துள்ளுகிறது, மாதாவின் கிரீடம் ஒரு பக்கம் சாய்கிறது, பெண்கள் மாதாவே என்று கத்துகிறார்கள், முன்கம்பைப் பிடித்திருந்த மிக்கேல், ஏல, கால ஒண்ணா வைங்கல, என்று தொண்டை கிழியச் சொல்கிறார், யார் எந்தக் காலை வைப்பது. பிரகாசி என்னைப் பார்க்கிறாள், அவிழுங்க மதினி, என்கிறாள்.

பித்தளை என் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருக்கிறது, சிஸ்டரின் ஸ்கேல் என் மேலுதட்டைத் தூக்குகிறது, ததேயு மாமா பொக்கை வாயால் எடுத்துக்கோ என்கிறார், வயிற்றில் ஒரு பிள்ளை உதைக்கிறது, ஊதுகிறேன். பெட்டியின் பூமுக்கு ஊதவில்லை, கஸ்பாரின் மெட்டுக்கும் ஊதவில்லை, திரும்பிப் பார்த்து மிக்கேலின் வலது காலுக்கு ஊதுகிறேன், அவர் கால் விழுகிற இடத்தில் என் சத்தம், இடது காலுக்கு அடுத்த சத்தம், இரண்டே சுரம், மேலே ஒன்று கீழே ஒன்று, பின்கம்புக்காரர்களின் கால் அதற்கு வருகிறது, நடுக்கம்புக்காரர்களின் கால் வருகிறது, சப்பரம் ஒரு தரம் ஆடி நிமிர்கிறது, அப்புறம் தொட்டில் மாதிரி அசைந்து நடக்கிறது, மிக்கேல் பின்னாலிருந்து, அப்படிப் போடு தாயி, என்கிறார். மாடியிலிருந்து உப்பு விழுகிறது, மிளகு விழுகிறது, என் தலையில், குழலுக்குள், அதற்குள் பெர்க்மான்ஸ் ஓடி வந்துவிட்டார், வேர்த்து வடிகிறது, யாரு ஒங்கள ஊதச் சொன்னது, நேரலை போவுது, நிறுத்துங்க, என்கிறார், ஊதுகிறவளிடம் கேட்டால் என்ன பதில் வரும், பிரகாசிதான் செபமாலையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே வருகிறாள், இது பொம்பளைங்க வரிச, ஒமக்கு இங்கன என்ன வேல, மாதா விழுந்திருந்தா ஒம்ம பொட்டியா வந்து தாங்கும், போம்வே அங்கிட்டு, என்கிறாள், வரிசையே அவள் பின்னால் நெருங்கி வருகிறது, அவர் பின்வாங்குகிறார். பிறகு கஸ்பார் வருகிறார், சிவப்புக் கோட்டும் கையில் கார்னெட்டுமாக வருகிறார், ஏட்டி நிறுத்து, எனக்கு மானம் போவுது, என்கிறார், நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு ஊதுகிறேன், கன்னம் உப்ப ஊதுகிறேன், இன்னும் உப்ப ஊதுகிறேன், பாரும், இதைத்தானே பார்க்க நன்றாக இல்லை என்றார்கள், நன்றாகப் பாரும், ஒரு அடி நான் பின்னால் வைக்கவில்லை, பின்னால் சப்பரம் வந்துகொண்டே இருக்கிறது, மாஸ்டர், ஒண்ணு வாசியும் இல்ல வழிய விடும், எங்களுக்குத் தோள் போவுது, என்று மிக்கேல் சத்தம் போடுகிறார். வழிவிட்டு ஓரமாக ஒதுங்கியிருக்கலாம் அவர், ஒதுங்கவில்லை, என் முகத்தைப் பார்த்தபடியே பின்னுக்கு நடக்கிறார், ஒரு எட்டு, இன்னொரு எட்டு, அவர் கால் என் அடிக்கு வந்துவிட்டது அவருக்கே தெரியவில்லை, கார்னெட் தானாக மேலே போகிறது, மெட்டு வருகிறது, என் வேகத்துக்கு வருகிறது, என் பாயில் உட்காருகிறது. அந்தச் சத்தம் கேட்டு முன்னால் போன கிளாரினெட்டுகள் திரும்புகின்றன, டிராம்போன் திரும்புகிறது, பெரிய டிரம் திரும்புகிறது, சிவப்புக் கோட்டுகள் எல்லாம் பூப்போடுகிற பிள்ளைகளைத் தாண்டி எங்களிடம் வந்து சேர்ந்துவிட்டன, குட்டியானை மட்டும் தெரிந்தோ தெரியாமலோ பூம் பூம் என்று தன் பாட்டுக்குப் போய் முக்கில் திரும்பி மறைந்துவிட்டது.

கோயில் முற்றத்தில் மாதாவை இறக்கி வைத்தாயிற்று, அசனச் சாப்பாட்டுக்கு இலை போடுகிறார்கள், நான் குழலைப் படிக்கட்டில் கவிழ்த்துத் தட்டுகிறேன், உப்பும் மிளகும் கொட்டுகிறது, பிரகாசி முந்தானையை ஏந்தி வாங்கிக்கொள்கிறாள், கஸ்பார் பக்கத்தில் வந்து நிற்கிறார், அன்னைக்கு அந்தக் கமிட்டியில நான் தலய நிமிந்து பேசியிருக்கணும், என்கிறார், ஆமா, பேசியிருக்கணும், என்கிறேன், அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவேனா, இன்னும் ஒரு மாதத்துக்கு அவருக்கு மிளகு ரசம் கிடையாது. பேண்டுக்காரங்க எல்லாம் வாங்க, படம் எடுக்கணும், என்று பெர்க்மான்ஸ் கூப்பிடுகிறார், என் பெயரைச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வாய் வரவில்லை, சிவப்புக் கோட்டுகள் வரிசையாக நிற்கின்றன, நான் கோட்டில்லாமல் வேர்த்த சேலையோடு நடுவில் போய் நிற்கிறேன், கஸ்பார் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டுகிறார், ஏட்டி, ஒதட்டுல வட்டம் செவந்து கெடக்கு, தொடச்சுக்கோ, அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் எங்கிருந்தோ அம்மாவும் சொல்கிறாள், உள்ள இழுத்துக் கடிச்சுக்கோட்டி, போட்டோக்காரன் வந்துட்டான், அந்தக் கனகாம்பரக்காரி வந்து என் பக்கத்தில் நிற்கிறாள், வாயில்லாமல் என்னையே பார்க்கிறாள், நான் கைக்குட்டையை வாங்கி நெற்றி வேர்வையைத் துடைக்கிறேன், கழுத்தைத் துடைக்கிறேன், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், எல்லாரும் சிரிங்க, என்கிறார் போட்டோக்காரர், உதட்டைக் கடிக்காமல் அப்படியே விடுகிறேன், தடித்த உதடு, சிவந்த வட்டம், முழுசாக வெளியே இருக்கிறது, எடும்வே, நல்லா கிட்ட வந்து எடும், என்கிறேன்.